அங்குலமும் அதர்மமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு ரைபிளின் குழல் சட்டத்துக்கு உட்பட்ட நீளமுடையதுதானா என்று சோதிக்க விரும்பும் அதிகாரி, உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டு, தோட்டா அறையின் பின்புறத்து அடைப்பை மூடி, குழல்வாய் வழியாக ஒரு மெல்லிய கோலைச் செலுத்தி, அது அந்த அடைப்பின் முகத்தில் முட்டி நின்றதும் குழல்வாயின் விளிம்பையொட்டிக் கோலின்மீது அடையாளமிட்டு, வெளியே உருவி அளந்து பார்க்கிறார். அளவு 16 அங்குலமாக இருந்தால் அது சாதாரணத் துப்பாக்கி. ஒரு நெல்லளவு குறைந்தாலும், மத்திய அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏற்றாமல் அதை வைத்திருப்பவர் பத்தாண்டு வரையில் சிறையிருக்க நேரலாம். சுடும்போது எழும் தீப்பிழம்பை மறைப்பதற்காகக் குழலின் நுனியில் திருகிவைக்கும் இரும்புக் குப்பி அந்த அளவில் சேராது. அதே குப்பியில் துளையிட்டு, முளை இறக்கி, முளையின் தலை தெரியாதபடி அதன்மேல் பற்றவைத்துவிட்டால் சேர்ந்துவிடும். பதினாலரை அங்குலக் குழலுக்கு நீளமான குப்பியொன்றை இப்படிப் பற்றவைத்துப் பதினாறை எட்டச் செய்வது அந்நாட்டுத் துப்பாக்கிக் கம்மியர்களுக்குப் பழகிப்போன வேலை.

தர்ம விசாரத்தில் சற்றேனும் ருசியுள்ளவருக்கு இங்கே ஒரு சம்சயம் எழாமல் இராது. உருகி உறைந்த ஒரு துளி இரும்பினால் குற்றம் குற்றமல்லாததாகிவிடும் என்றால், அக்குற்றம் அதுவரையில் எங்கே குடியிருந்தது? இரும்பிலா, அளவிலா, அளவை விதித்தவர்களின் வாக்கிலா, அல்லது வைத்திருப்பவனின் நெஞ்சிலா? துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று அந்நாட்டார் இடைவிடாமல் நடத்திவரும் வழக்கில் கட்சி சேர்வது என் நோக்கமன்று. எல்லா அரசாங்கமும் எல்லா மதமும் செய்துவருகிற ஒரு காரியத்தை, அதாவது அளவு கடந்து நீண்டு கிடக்கும் ஒரு பரப்பின் நடுவே கோடு ஒன்றைக் கிழித்து இப்பால் தர்மம் அப்பால் அதர்மம் என்று சொல்லும் காரியத்தை, இந்தப் பதினாறு அங்குலம் காட்டுகிற அளவுக்கு நிர்வாணமாக வேறெதுவும் காட்டுவதில்லை என்பதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன்.

அரிஸ்டாட்டில் நீதியை இரு கூறாக்கினார். எவ்விடத்தும் ஒரே வலிமையுடையதாய், ஒருவர் விதித்துத்தான் உண்டாக வேண்டும் என்றில்லாதது ஒன்று. விதிக்கும் வரையில் இப்படியிருந்தாலும் அப்படியிருந்தாலும் பேதமில்லை என்றிருந்து, விதித்தபின் பேதமுடையதாகிவிடுவது மற்றொன்று. யுத்தக் கைதியை மீட்கக் கொடுக்கும் பணம் ஒரு மினா என்பதும், பலிக்கு வெள்ளாடு ஒன்றேயன்றிச் செம்மறி இரண்டு ஆகாது என்பதும் பின்னதற்கு அவர் காட்டிய திருஷ்டாந்தங்கள். ஆங்கில நியாயவாதிகள் இதையே தன்னியல்பில் தீயது என்றும், தடுக்கப்பட்டமையால் தீயது என்றும் பிரித்துப் பேசினார்கள். கொலை முன்னது, பதினைந்தே முக்கால் அங்குலக் குழல் பின்னது. இவ்வளவில் நின்றுவிட்டால் விஷயம் எளிதாகத்தான் இருக்கிறது.

நம்முடைய மீமாம்சகர்கள் இந்த இடத்தில் இன்னும் நுட்பமாக நுழைந்தவர்கள். யாகத்துக்குரிய நெல்லை உரலிலிட்டு உலக்கையால் குத்தித்தான் உமி நீக்க வேண்டும் என்பது விதி. பொறுமையுள்ளவன் ஒவ்வொரு நெல்லாக நகத்தால் உரித்தாலும் கிடைப்பது அதே அரிசிதானே என்று கேட்டால், அரிசியைப் பொறுத்தமட்டில் அதே அரிசிதான் என்று அவர்கள் தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள். பல வழிகளால் கைகூடும் ஒரு காரியத்தில் இந்த வழியேதான் என்று கட்டுப்படுத்துவதை நியம விதி என்றும், அந்தக் கட்டுப்பாட்டை அனுசரிப்பதனால் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பலன், அபூர்வம் என்பது, உண்டாகிறதென்றும் அவர்கள் சித்தாந்தம் செய்தார்கள். பொருளில் இல்லாத மேன்மை விதியினால் வந்து சேரலாம் என்பது இதன் தாத்பரியம்; அப்படியானால் பொருளில் இல்லாத தீமையும் விலக்கினால் வந்து சேரலாம்தான். ஆனால் மீமாம்சகருடைய வேதம் எவராலும் இயற்றப்படாதது. ஏன் உலக்கை என்று விசாரிக்க அங்கே ஆளில்லை. அமெரிக்கரின் அங்குலமோ மனிதர்கள் கூடிப் பேசி, வாதாடி, விட்டுக்கொடுத்து நிர்ணயித்தது. அதன் ஜாதகத்தைப் புரட்டிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

அந்த ஜாதகம் விசித்திரமானது. மதுவிலக்குக் காலத்தில் சாராயக் கூட்டத்தார் ஒருவரையொருவர் தெருவில் சுட்டு வீழ்த்தி, 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திக் கொன்ற செய்தியெல்லாம் தேசத்தைக் கலக்கியிருந்த சமயத்தில், அட்டர்னி ஜெனரலாக இருந்த ஹோமர் கம்மிங்ஸ் முன்னின்று கொண்டுவந்த 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் வரைவு, இயந்திரத் துப்பாக்கியோடு, சட்டைக்குள் மறைத்துச் செல்லத்தக்க கைத்துப்பாக்கிகள் அனைத்தையும் வரிக்கும் பதிவுக்கும் உட்படுத்துவதாக இருந்தது. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால், வேட்டைத் துப்பாக்கியை வாங்கி அதன் குழலை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி மறைத்துக்கொள்வார்களே என்ற தூரதிருஷ்டியினால், குட்டைக் குழலுக்கும் அதே கட்டுப்பாடு துணைவிதியாகச் சேர்க்கப்பட்டது. பிறகு எதிர்ப்பு வலுத்தது. கைத்துப்பாக்கிகள் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டன. துணைவிதி மட்டும் நீக்கப்படவில்லை. வீட்டைக் கட்டாமலே விட்டுவிட்டு அதற்கென்று போட்ட வேலியைத் தொண்ணூறு ஆண்டுகளாகக் காத்துவருவது போன்ற காரியம் இது. நாலு அங்குலக் கைத்துப்பாக்கியை மத்திய அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏற்றாமலே வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். தோள்கட்டையோடு கூடிய பதினைந்து அங்குல ரைபிளை, அது எந்தச் சட்டைக்குள்ளும் அடங்காததாயினும், அப்படிப் பதிவில்லாமல் வைத்துக்கொள்ளலாகாது.

மூலச் சட்டம் கேட்ட நீளமும் பதினாறன்று. ரைபிளுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் ஒருசேர 18 அங்குலம் என்றே 1934-இல் எழுதினார்கள். 1960-இல் ரைபிளுக்கு மட்டும் அதைப் பதினாறாகக் குறைத்தார்கள். குற்றமாயிருந்த இரண்டு அங்குலம் ஒரு கையெழுத்தில் நிரபராதமாயிற்று. ரைபிள் தோட்டாவின் வேகம் கைத்துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தைவிடப் பன்மடங்கு கொடியது, ஆகவே அதை மறைவாகக் கொண்டுசெல்ல இடம் தருவது தனி அபாயம் என்று இந்த விதிக்குப் பிற்காலத்தார் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. அதில் சாரம் இல்லாமலும் இல்லை. குழலைக் குறுக்கக் குறுக்க அந்த வேகமும் குறைகிறது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

கோட்டை எங்கேயாவது போட்டுத்தானே ஆக வேண்டும், எங்கே போட்டாலும் ஓர் அங்குலம் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்கலாமே என்பது இதற்கு வழக்கமான பதில். யூதர்களுடைய தால்முத் என்னும் பெருநூலை ஆக்கிய பண்டிதர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே நேராகச் சந்தித்திருக்கிறார்கள். சுத்திக்காக முழுகும் குளத்தில் நாற்பது சேயா தண்ணீர் வேண்டும். நாற்பதில் முழுகினால் சுத்தி, நாற்பதுக்கு ஒரு துளி குறைந்ததில் முழுகினால் சுத்தி இல்லை. அறிஞர் வகுத்த அளவைகள் எல்லாம் இத்தன்மையனவே என்று அவர்கள் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். அதே நூலில் மற்றொரு செய்தி உண்டு. புறாக்கூண்டிலிருந்து ஐம்பது முழத்துக்குள் அகப்பட்ட புறாக்குஞ்சு கூண்டுக்காரனுடையது, அதற்கு அப்பால் அகப்பட்டது கண்டெடுத்தவனுடையது என்று சபையில் நிர்ணயித்தபோது, குஞ்சின் ஒரு கால் உள்ளேயும் மற்றொரு கால் வெளியேயும் இருந்தால் என்ன செய்வது என்று ரப்பி ஜெரமையா எழுந்து கேட்டாராம். அதற்காக அவரைப் பாடசாலையை விட்டே வெளியேற்றிவிட்டார்களாம். பின்னர் ஒரு சமயம் அவருடைய பணிவான விடையைக் கேட்டு மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவை என்பது கேள்வியை முடிப்பதற்காக ஏற்பட்டது. அதைக்கொண்டே புதிய கேள்விகளைக் கிளப்புகிறவன் அளவையின் உபயோகத்தையே அழிக்கிறான் என்று அந்தச் சபையார் எண்ணினார்கள் போலும்.

அமெரிக்காவிலோ ஜெரமையாக்கள் வெளியேற்றப்படவில்லை. அவர்களுக்கு வக்கீல் அகப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று.

தாம்ஸன் சென்டர் என்ற துப்பாக்கிக் கம்பெனி, பத்து அங்குலக் குழலுடைய கைத்துப்பாக்கி ஒன்றையும், அதனோடு இணைத்துக்கொள்ள ஒரு தோள்கட்டையும் இருபத்தோரங்குலக் குழலும் அடங்கிய பெட்டி ஒன்றையும் விற்றது. தோள்கட்டையோடு நீண்ட குழலைப் பூட்டினால் சட்டத்துக்கு உட்பட்ட ரைபிள்; தோள்கட்டை இல்லாமல் குட்டைக் குழலைப் பூட்டினால் சட்டத்துக்கு உட்பட்ட கைத்துப்பாக்கி; தோள்கட்டையோடு குட்டைக் குழலைப் பூட்டினால் மட்டும் குற்றம். அப்படி யாரும் பூட்டவில்லை. ஆனால் பூட்டுவதற்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆகையால் குட்டை ரைபிள் செய்யப்பட்டுவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் வாதித்தது. காரியம் காரணத்திலேயே சூட்சுமமாக உறைகிறது, எள்ளில் எண்ணெய் முன்பே இருக்கிறது என்னும் சாங்கியரின் சத்காரியவாதமே இது. கம்பெனியின் தரப்போ நையாயிகரின் தரப்பு: குடம் வனையப்படும் வரையில் குடம் என்பது இல்லை, இருப்பது மண்ணே. கபிலரும் கௌதமரும் பேசிய பொருளை வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகள், குட்டை ரைபிளுக்கு அந்தச் சட்டம் விதித்த இருநூறு டாலர் வரி சம்பந்தமாகப் பேசவேண்டி வந்தது.

1992-இல் அவர்கள் அளித்த தீர்ப்பு, ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து, கம்பெனிக்கு அனுகூலமாக முடிந்தது. சாங்கியத்துக்கும் நியாயத்துக்கும் இடையே அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. பிரதானத் தீர்ப்பின் சாரம் வேறு: சட்டத்தின் வாசகம் இருபொருள் படுகிறது; இந்தச் சட்டத்தை மீறுவது தண்டனைக்குரிய குற்றமும் ஆகிறது; தண்டனை விதிக்கும் வாசகம் சந்தேகத்துக்கு இடமாயிருக்கும்போது அந்தச் சந்தேகத்தின் பலன் பிரஜைக்கே உரியது. தத்துவ விசாரம் தோற்றுப்போன இடத்தில் தயை புகுந்து காரியத்தை முடித்துவைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்விஷயத்தில் அந்த நீதிமன்றம் செய்தவற்றுள் இதையே நான் சிலாக்கியமானதாகக் கருதுகிறேன்.

இதைவிடவும் சிக்கலான பிரச்னை 2012-இல் பிறந்தது. ஊனமுற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் கனமான கைத்துப்பாக்கியை ஒற்றைக் கையால் தாங்கிச் சுடுவதற்கு உதவ வேண்டுமென்று, முன்கையைச் சுற்றி வாரால் கட்டிக்கொள்ளத்தக்க ரப்பர்த் தாங்கி ஒன்றை ஒருவர் யோசித்துச் செய்தார். நல்ல எண்ணம். ஆனால் அந்தத் தாங்கியைக் கையில் கட்டாமல் தோளில் வைத்து அழுத்தினால் அது தோள்கட்டையைப் போலவே பயன்பட்டது. தோள்கட்டையுள்ள குட்டைக் குழல் என்பதோ பதிவுக்குரிய ஆயுதம். துப்பாக்கிகளை மேற்பார்க்கும் மத்திய இலாகா 2015 ஜனவரியில் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதிற்று: முன்கையில் கட்டினால் குற்றமில்லை, தோளில் வைத்தால் அக்கணமே ஆயுதத்தைப் புதிதாக வடிவமைத்தவர் ஆகிறீர்கள். 2017-இல் அந்தக் கூற்றிலிருந்து பெரும்பாலும் பின்வாங்கிற்று. 2023-இல் இத்தகைய தாங்கி பூட்டியவற்றுள் பெரும்பாலானவை குட்டை ரைபிள்களே என்று புது விதி செய்தது; மறு ஆண்டிலேயே டெக்ஸாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளிவிட்டது.

அந்த முதற்கடிதத்தைப் படிக்கிறபோது நகைப்பு வருவது இயல்பு. எனினும் அதனுள்ளே புதைந்திருக்கும் எண்ணத்தை அலட்சியம் செய்ய இயலாது. இரும்பு மாறவில்லை, நீளம் மாறவில்லை. நாலு விரற்கடை மேலே தூக்கிவைத்த மாத்திரத்தில் பொருள் வேறாகிறது என்று சொல்லுவது, குற்றத்தைப் பொருளிலிருந்து பெயர்த்துச் செய்கையில் கொண்டுபோய் வைப்பதாகும். கர்மமாவது சேதனையே, அதாவது மனத்தின் முனைப்பே என்று புத்தர் போதித்த வழியும் அந்தத் திசையிலேயே செல்கிறது. ஆனால் அவ்வழியில் போகத் துணிந்தவர் முழுதும் போக வேண்டும். தோளில் வைத்தவன் எதைச் சுட வைத்தான், காகிதக் குறியையா மனிதனையா என்று கேட்காமல், தோளோடு விசாரணையை நிறுத்திக்கொள்ளும் சேதனை அரைகுறைச் சேதனை. அரசாங்கத்துக்கு உள்ளத்தை அளக்கும் கோல் இல்லை. குழலை அளக்கும் கோல்தான் இருக்கிறது.

மாகாணச் சட்டங்களுக்கு வருவோம். 1989 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊரின் ஆரம்பப் பள்ளி மைதானத்தில், பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் குழந்தைகள் ஐவரை ஒருவன் சுட்டுக் கொன்றான்; யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களின் மக்கள் அவர்கள். அவ்வாண்டே கலிபோர்னியா, யுத்தத் துப்பாக்கியின் பாணியில் அமைந்த ரைபிள்கள் சிலவற்றைப் பெயர் சொல்லித் தடுத்தது. பெயரைத் தடுத்தால் பெயரை மாற்றிவிடலாம்; மாற்றினார்கள். ஆகவே 1999-இல் இயற்றிய சட்டத்தில் பெயரை விட்டு லட்சணங்களைப் பிடித்தார்கள். தோட்டாக்கூட்டைக் கழற்றி மாற்றத்தக்கதாய், விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிளில், கீழே நீண்டு துருத்தும் கைப்பிடி, கட்டைவிரல் நுழையத் துளையிட்ட தோள்கட்டை, மடிக்கவோ நீட்டவோ கூடிய தோள்கட்டை, தீப்பிழம்பை மறைக்கும் குப்பி, முன்புறக் கைப்பிடி போன்றவற்றுள் ஒன்றேனும் இருந்தால் அது விலக்கப்பட்டது. 2012-இல் கனெக்டிகட்டில் ஸாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டபின், நியூயார்க் மாகாணமும் 2013 ஜனவரியில் இந்த ஒரு லட்சண முறையையே கைக்கொண்டது.

துருத்தும் கைப்பிடி என்றால் எது? கலிபோர்னியாவின் விதிகள் இதற்கு விடை சொல்ல மனிதனுடைய கைக்கே போய்விட்டன. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையேயுள்ள சவ்வு, விசையின் வெளியே தெரியும் பாகத்தின் உச்சிக்குக் கீழே அமையும்படி பிடிக்க முடியுமானால் அது விலக்கப்பட்ட பிடி. உடனே கடைகளில் மீன்துடுப்புப் போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்று வந்தது. அதைப் பிடியின் பின்புறத்தில் பூட்டிவிட்டால் கட்டைவிரல் சுற்றிவர முடியாது, சவ்வு மேலேயே நிற்கும், துப்பாக்கி சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும். கருவியின் உதவியின்றித் தோட்டாக்கூட்டைக் கழற்ற முடியுமானால்தான் அது கழற்றத்தக்கது என்று விதி இருந்தது. தோட்டாவும் ஒரு கருவியாகவே கருதப்படும் என்று அதே விதி சொல்லிற்று. ஆகவே தோட்டாவின் முனையால் அழுத்தத்தக்க பித்தான் ஒன்றை வைத்துக் காலம் தள்ளினார்கள். சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட 2015-ஆம் ஆண்டுக்குப் பிறகு, 2016-இல் அந்தப் பித்தானையும் சட்டசபை விலக்கிற்று.

இப்படித் துடுப்புப் பூட்டிக்கொள்கிறவர்களை வஞ்சகர் என்று பழிப்பது சிலருக்கு வழக்கமாயிருக்கிறது. எனக்கு அது சம்மதமன்று. ஒவ்வொருவன் நெஞ்சையும் புரட்டிப் பார்ப்பது ஆகாதது, ஆபத்தானது என்று கண்டுதான் அரசாங்கம் அளவையைக் கையில் எடுத்தது. அளவையைப் பூர்த்தி செய்தவன் அரசாங்கம் கேட்டதைக் கொடுத்துவிட்டான். ஆனால் அளவைகளுக்குள்ளும் தாரதம்மியம் உண்டு. பத்துத் தோட்டாவுக்கு மேற்பட்ட கூடு கூடாதென்று அதே கலிபோர்னியா விதித்திருப்பதில், கொலைகாரன் மறுபடி நிரப்புவதற்காக நிற்க நேரும் கணங்களைப் பற்றிய சிந்தை இருக்கிறது. கைப்பிடியின் உருவத்தைப் பற்றிய விதியிலோ, அப்படிப் பிடித்தால் ஓயாது சுடுகையில் கட்டுப்பாடு மிகும் என்ற வாதம் இருந்தபோதிலும், யுத்தத் துப்பாக்கியின் சாயலைக் கண்டு எழுந்த அச்சமே மேலோங்கி நிற்கிறது. சாயலைத் தண்டிப்பது சாஸ்திர சம்மதமன்று. குழந்தைகளைப் புதைத்தவர்கள் அச்சாயலைக் கண்டு நடுங்கினால் அவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

என் மனத்தில் உறுத்துவது கோடு அல்ல, கோட்டைத் தாண்டியவனுக்கு வைத்திருக்கும் தண்டனை. 1989-இல் அரசாங்கத்தின் உளவாளி ஒருவரிடம் குழல் குறுக்கிய வேட்டைத் துப்பாக்கிகள் இரண்டை விற்றதாக, ஐடஹோ மாகாணத்து மலைப்பாங்கில் குடும்பத்தோடு ஒதுங்கி வாழ்ந்த ராண்டி வீவர்மேல் வழக்கு எழுந்தது. வெள்ளை இனத்தின் மேன்மை பேசும் கூட்டங்களுக்குப் போய்வந்தவர் அவர். எனக்கு அவரிடத்தில் அனுதாபம் இல்லை. நீதிமன்றத்துக்கு வரவேண்டிய தேதி அவருக்கு அனுப்பிய கடிதமொன்றில் பிப்ரவரிக்குப் பதிலாக மார்ச் என்று பிழையாக இருந்தது. அவர் வரவில்லை. 1992 ஆகஸ்டில் ரூபி ரிட்ஜ் என்ற அந்த இடத்தில் பதினொரு நாள் நடந்த முற்றுகையில், மத்தியக் காவலர் ஒருவரும், வீவருடைய பதினான்கு வயது மகனும், கைக்குழந்தையை ஏந்தி வாசற்கதவருகே நின்ற அவருடைய மனைவியும் மாண்டார்கள். மறு ஆண்டு ஜூரிகள் அந்தத் துப்பாக்கிக் குற்றச்சாட்டிலிருந்து வீவரை விடுதலை செய்தார்கள். மூன்று உயிர்கள் போன அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி சில அங்குல இரும்பு.

தடுக்கப்பட்டமையால் மாத்திரம் தீயதாயிருக்கும் ஒன்றுக்கு, தன்னியல்பிலேயே தீயதற்குரிய பாரத்தை ஏற்றுவதுதான் இதிலுள்ள அதர்மம் என்பது என் முடிவு. அரசாங்கம் பதினாறு என்று சொல்லட்டும். பிரஜைகள் பதினாறுக்குக் கட்டுப்படட்டும். பதினைந்தே முக்காலோடு அகப்பட்டவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கட்டும், அபராதம் வாங்கட்டும். அந்தத் துப்பாக்கியால் ஒருவனைக் கொல்ல முனைந்தவனுக்குப் பத்தாண்டும் அதற்கு மேலும் இருக்கட்டும். முன்னவனையும் பின்னவனையும் ஒரே சிறையில் தள்ளும் சட்டம், தான் போட்ட கோட்டைக் கடவுள் போட்ட கோடென்று மயங்குகிறது. இந்த மயக்கத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சிறிது தெளிவித்தும் இருக்கிறது: இதே சட்டத்தின்கீழ் எழுந்த மற்றொரு வழக்கில், தன் ரைபிள் இயந்திரத் துப்பாக்கியாகச் சுடக்கூடியது என்பதை அறிந்திருந்தான் என்று நிரூபித்தாலன்றி ஒருவனைத் தண்டிக்கலாகாது என்று 1994-இல் சொல்லிற்று. அறியாமல் தாண்டியவனுக்கு அது போதும். அறிந்தே, ஆயினும் எவருக்கும் தீங்கு நினையாமல், ரம்பத்தை எடுத்தவனுக்கு அது போதாது.

1934-இல் ஒரு நல்ல துப்பாக்கியின் விலைக்கும் மேலாயிருந்து, அதன்பின் தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு காசும் ஏறாமல் நின்ற அந்த இருநூறு டாலர் வரியை, 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் குட்டை ரைபிள்களுக்குப் பூஜ்யமாக்கி, 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தது. வரி போய்விட்டது. பதிவேடு இருக்கிறது, பதினாறு அங்குலம் இருக்கிறது, பத்தாண்டுச் சிறையும் இருக்கிறது.